கம்பளிக் கோட்டு

"அமைச்சர் மேல கேஸ் போடுற வக்கீலையெல்லாம் தூதராக்கி நாடு கடத்துறதே இவங்களுக்குப் பொழப்பாப் போச்சு! போகாதடா வில்ஃப்ரிடோ. பாலம் ஊழல் கேஸ் உன்னை நம்பித்தான் இருக்கு" என்று பொருமினார் நண்பர் அன்செல்மோ.

"நாட்டுக்காகத் தாங்கிக்கணும்டா. நார்வேயாம். காலையிலதான் சொன்னாங்க." வில்ஃப்ரிடோ கண்களைத் துடைத்துக்கொண்டார்.

தலைநகர் அசுன்சியோனின் வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் மனைவி சுனில்டா இருவருக்கும் ஐஸ் மிதக்கும் தெரெரே மூலிகைப் பானம் கொடுத்துவிட்டு, புத்தம்புதுக் கம்பளிக் கோட்டுகளைப் பெட்டியில் அடுக்கினாள்.

அன்செல்மோ திகைத்தார். "ஏம்மா, அதுக்குள்ள யார் தைச்சுக் கொடுத்தா?"

"கேஸ் போட்ட அன்னிக்கே அளவு கொடுத்தாச்சேண்ணே! பாரிஸ் கிடைக்கும்னுதான் இவர் சொன்னார். நார்வேன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் கனமாத் தைக்கச் சொல்லியிருப்பேன்."