வக்கீல் அடித்த நோட்டீஸ்

ஃபான்ட் கம்பெனியின் வக்கீல் டைப்பிங் கடைக்குள் வந்து, கையிலிருந்த நோட்டீஸைக் கம்ப்யூட்டர் மேசையில் போட்டார்.

“எங்க கம்பெனி ஃபான்ட்டைத் திறந்து, உங்க இஷ்டத்துக்கு ஒரு எழுத்தை மாத்தியிருக்கீங்க. போதாததுக்கு ஊரெல்லாம் காப்பி கொடுத்திருக்கீங்க. உண்டா, இல்லையா?”

தெருவே ‘டி.டி.பி. அக்கா’ என்று கூப்பிடும் அவள், கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை. “உண்டு. கேட்டவங்களுக்கெல்லாம் கொடுத்தேன்.”

“விலைக்கு வாங்கினா டைப் பண்ணத்தான் உரிமை. ஒரு புள்ளியை நகர்த்தக்கூட உரிமை கிடையாது!”

“குறையைச் சொல்லி மூணு லெட்டர் போட்டேன். இன்னிவரைக்கும் நீங்க சரிபண்ணலை. நானே வரைஞ்சுக்கிட்டேன்.”

“என்ன திமிர் உங்களுக்கு! உங்க காப்பியை வச்சிருக்கிற ஒருத்தரையும் விடமாட்டோம். எல்லார் மேலயும் கேஸ்தான்.”

“தாராளமா போடுங்க. ஆமா, இந்த நோட்டீஸை எங்க அடிச்சீங்க?”

“எங்க ஆபீஸ்லதான். எங்க ஃபான்ட்லதான்!” வக்கீல் நெஞ்சை நிமிர்த்தினார்.

கம்பெனி விற்ற ஃபான்ட்டையே எடுத்து, ‘எழுத்துரு’ என்று அடித்துக் காட்டினாள் அக்கா. திரையில் ‘எ’ வந்தது. அடுத்து வெறும் கட்டம்தான் வந்தது.

“நீங்க வித்ததுல ‘ழு’வே கிடையாது சார். நான் வரைஞ்சது அதைத்தான்.”

வக்கீல் நோட்டீஸை அவசரமாகப் புரட்டினார். ‘எழுத்துரு’ பதினோரு இடத்தில் இருந்தது. ஒன்றில்கூடக் கட்டம் இல்லை.

“கேஸை உங்க ஆபீஸ்லேர்ந்தே ஆரம்பிங்க சார்,” என்றாள் அக்கா. “அலைச்சல் மிச்சம்.”