எல்லம்மாள் போட்ட முதல் ஓட்டு

தொண்ணூற்றெட்டு வயது எல்லம்மாள் பள்ளிக்கூடத்து மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள். பின்னால் ஐம்பது வயது வரலாற்று ஆசிரியர் ஆறுமுகநயினார் இரைக்க இரைக்க வந்தார்.

“எல்லாம் மீன் தின்ன உடம்பு” என்று கூட வந்த ஒன்பதாம் வகுப்பு கார்குழலிக்கு விளக்கம் சொன்னார். எதற்கும் ஒரு விளக்கம் கைவசம் வைத்திருப்பவர் அவர்.

திருவொற்றியூரில் இருந்த அந்தப் பள்ளியில் அன்று வாய்மொழி வரலாற்றுக் கண்காட்சி. புத்தகத்தை மூடுங்கள், மனிதர்களைக் கேளுங்கள், அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று அப்போதுதான் விளங்கும் என்று மூன்று மாதமாக முழங்கியிருந்தார். இரண்டு வருடமாகப் பரிசை ராயபுரத்துப் பள்ளி ஒன்று அள்ளிக்கொண்டு போயிருந்தது. இந்தத் தடவையும் கோட்டை விட்டால் ஆசிரியர்கள் அறையில் தலைகாட்ட முடியாது.

போன வருடத் தேர்தலில் வாக்குச்சாவடி வேலைக்குப் போனபோது அவர் கண்டெடுத்த புதையல்தான் எல்லம்மாள். வாக்காளர் அட்டையில் பெயர், வயது, போட்டோ எல்லாம் கச்சிதம். நாட்டின் முதல் பொதுத்தேர்தலில் ஓட்டுப் போட்ட கை கண்ணெதிரே நிற்கிறது. வேறென்ன வேண்டும்?

கூப்பிடப் போனபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “தாசில்தாரு வருவாரா?”

அவர்தான் நடுவர் என்றதும், “அப்ப வரேன் வாத்யாரே” என்றாள். அரசு அதிகாரி மேல் இந்தத் தலைமுறைக்கு எத்தனை மரியாதை என்று ஆசிரியருக்குக் கண் கலங்கியது.

மேடைக்குப் பக்கத்தில் கார்குழலி அவரிடம் மெல்லக் கேட்டாள். “சார், நான் பேட்டி எடுத்த டேப்பை முழுசாக் கேட்டீங்களா?”

“பதிவு பண்ணினே இல்ல, அது போதும்” என்று அவளை ஒதுக்கிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

பிறர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி என்று இருபத்தைந்து நிமிடம் பேசினார். இடையில் எல்லம்மாள் இரண்டு முறை வாயைத் திறந்தாள். இரண்டு முறையும் கையமர்த்தினார். கடைசியில் அவள் விரலைத் தூக்கிக் காட்டி, “ஐம்பத்திரண்டில் ஓட்டுப் போட்ட விரல் இது” என்றார். கைதட்டல் கூரையைத் தொட்டது.

தாசில்தார் எழுந்து பொன்னாடை போர்த்தினார். பரிசு உங்களுக்குத்தான் என்று ஆசிரியரின் காதில் கிசுகிசுத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, அரசாங்கத்துக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று பெருந்தன்மையாகக் கேட்டார்.

அவள் மைக்கை வாங்கிக்கொண்டாள்.

“எல்லம்மா எங்க மாமியா சார். அது செத்துப் பூட்டு பதினஞ்சு வருசம் ஆவுது. ஓட்டு லிஸ்டுல அது பேர அடிக்கறேன்னுட்டு எம்பேர அடிச்சிட்டாங்க. போட்டோ புடிக்க வந்தவங்களும் அது பேருலதான் என்னைப் புடிச்சாங்க. உங்க ஆபீசுல போயி சொன்னா, செத்தவங்க மனு குடுக்க முடியாதுன்னுட்டாங்க.”

ஆறுமுகநயினார் மைக்குக்காகக் கையை நீட்டினார். அவள் அதை மறு கைக்கு மாற்றிக்கொண்டு தாசில்தாரைப் பார்த்தாள்.

“நீயாச்சும் என்னை உசுரோட எழுதிக்க சார்.”