உச்சி வேளைக் கணக்கு

“ஏணி எதுக்கு? மாதா கோயில் கோபுரத்தோட நிழலைக் காட்டுங்க, உயரத்தை நான் சொல்றேன்” என்றார் எவாரிஸ்தோ.

ஒன்பதாம் வகுப்பு வாயைப் பிளந்தது. கணக்கு வாத்தியார் எவாரிஸ்தோ சிலி நாட்டின் தென்கோடியிலிருந்து கயாம்பே ஊருக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் வடிவொத்த முக்கோணம் என்றால் தன்னை விட்டால் ஆளில்லை என்று ஊரையே நம்ப வைத்துவிட்டார். ஒரு மீட்டர் குச்சியை நட்டு அதன் நிழலை அளப்பாராம். அப்புறம் கோபுரத்தின் நிழலையும் அளப்பாராம். இரண்டுக்கும் விகிதம் ஒன்றுதானே, பெருக்கினால் உயரம் தானாக வந்து நிற்குமாம். தன் ஊரில் பத்து வருஷமாகச் செய்தாராம், ஒரு தடவைகூடச் சறுக்கியதில்லையாம்.

கடைசி பெஞ்சில் சீசா மட்டும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முக்கோணப் பரீட்சையில் ஏற்கெனவே கோட்டை விட்டவள். இந்தத் தடவையும் தேறாவிட்டால் படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு ரோஜாத் தோட்டத்தில் பூ அடுக்கப் போக வேண்டியதுதான் என்று அவள் அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

“உங்களால சொல்ல முடியலேன்னா என்ன சார் தருவீங்க?” என்று கேட்டாள் சீசா.

எவாரிஸ்தோவுக்குச் சிரிப்பு வந்தது. “என்னாலயா? சரிம்மா. முடியலேன்னா முக்கோணப் பரீட்சையே கிடையாது, எல்லாருக்கும் பத்துக்குப் பத்து. சொல்லிட்டேன்னா முனகாம வந்து எழுதணும். நாளையும் நேரத்தையும் நீயே சொல்லு. வெயில் இருந்தாப் போதும்.”

சீசா யோசிக்கவே இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை ஊர்த் திருவிழா, சனமெல்லாம் கோயில் வாசலில்தான் கூடும், மதியம் பன்னிரண்டே காலைத் தாண்டி வைத்துக்கொள்ளலாம் என்றாள். வாத்தியாருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. ஊரே பார்க்கும், வெயிலும் கொளுத்தும், வேறென்ன வேண்டும்? வகுப்பில் ஒருத்தர்கூட மறுத்துப் பேசவில்லை.

தலைமையாசிரியை ஒர்த்தென்சியா காதுக்கு விஷயம் போனது. அவர் கூப்பிட்டு, “உச்சி வேளையிலயா சார்? காலையில வெச்சுக்கலாமே” என்றார். கணக்கு வராதவர்களுக்கு இந்தப் பயம் இருக்கத்தான் செய்யும் என்று எவாரிஸ்தோ நினைத்துக்கொண்டார். கொடுத்த வாக்கை மாற்றுகிற பழக்கம் தனக்கில்லை என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஃபைலில் குனிந்துகொண்டார்.

எவாரிஸ்தோ சும்மா இருந்தாரா? தங்கியிருந்த வீட்டில், ரொட்டிக் கடையில், முடி வெட்டுகிற இடத்தில் எல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கேட்டவர்கள் கட்டாயம் வருகிறோம் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். முடி வெட்டுகிற இடத்தில் ஏன் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது என்றுதான் அவருக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மேளமும் குழலும் காதைத் துளைத்தன. வறுத்த சோளமும் பன்றிக் கறியும் கமகமத்தன. மேகம் ஒரு பொட்டு இல்லை. எவாரிஸ்தோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, குச்சியும் டேப்புமாகக் கூட்டத்துக்குள் புகுந்து வந்தார். சீசாவைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. பரீட்சைக்கு முன்னால் தானே உட்கார்ந்து சொல்லித் தருவதாக அவளுக்குத் தைரியம் சொன்னார்.

“சரிங்க சார்” என்றாள் அவள் அடக்கமாக.

மேளம் சட்டென்று நின்றது. சனம் முழுக்கக் கையை வானத்துக்குத் தூக்கியது. எவாரிஸ்தோ குச்சியைச் செங்குத்தாக நட்டுவிட்டு டேப்பை இழுத்துக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. குச்சியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு ஓடிப் போய்க் கோபுரத்தையும் சுற்றிப் பார்த்தார். வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார்.

“நிழல் எங்கே?”

“பூமத்திய ரேகை நம்ம ஊர் வழியாத்தானே சார் போகுது” என்றாள் சீசா. “சூரியன் நேரா உச்சந்தலைக்கு வந்து, யாருக்குமே நிழல் விழாத நாள் சார் இன்னைக்கு. திருவிழாவே அதுக்குத்தான்.”