உயர்த்திய கை

அந்தத் தீவின் பவளப்பாறை மேல் எழும் அலைக்காக யாரும் சண்டை போட்டதில்லை. அலைச்சறுக்குப் பலகையில் படுத்துக் காத்திருப்பவர்களில் முதலில் கையைத் தூக்கியவருக்கே அலை. மற்றவர்கள் விலகிவிட வேண்டும். போன மாதம் ரெமிஜியுஸ் கையைத் தூக்கியபோது அவன் மனைவி டெல்பினாதான் முதலில் விலகினாள். “நீயே எடுத்துக்கோ!” என்று சிரித்துக்கொண்டே கத்தினாள். அவன் காலையும் பலகையையும் பிணைத்த கயிறு பாறை இடுக்கில் மாட்டியிருந்தது, அவன் உடலை எடுத்த பிறகுதான் தெரிந்தது.

அதன் பிறகும் அவள் தினமும் வந்தாள். தனக்கென்று ஓர் அலைகூடக் கேட்கவில்லை. எங்கே ஒரு கை உயர்ந்தாலும் அதை நோக்கி நீந்திப் போனாள். “நல்லாத்தான் இருக்கேன், போங்கக்கா,” என்று கூடவே அலையேறும் பையன் பெனிட்டோ ஒவ்வொரு முறையும் சலித்துக்கொள்வான்.

இன்று காலை அவள் கயிறே மாட்டிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. பின்னால் கடல் மெல்லப் புடைத்து எழுந்தது. வேறு வழியில்லாமல் கையைத் தூக்கினாள்.

பெனிட்டோதான் முதலில் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

“டேய், அக்கா இன்னைக்குத்தான் அலை கேக்குறாங்க! எல்லாரும் விலகுங்கடா!”

எல்லோரும் விலகினார்கள். யாரோ கைதட்டவும் செய்தார்கள்.