நெறியாளர் ஓய்வு பெறும் வரை

பல்கலைக்கழக நூலகத்தின் மின்களஞ்சியத்துக்குப் புதிய பதிப்பு வந்துவிட்டது. உலகமே சேர்ந்து எழுதி இலவசமாகத் தருகிற கட்டற்ற மென்பொருள், குறை சொல்வதற்கில்லை. பதினோராயிரத்துச் சொச்சம் ஆய்வேடுகள் சமர்த்தாக அதற்குள் குடியேறின. ஒன்று மட்டும் வாசலிலேயே நின்றது. அது பூட்டிவைத்த ஆய்வேடு. எதுவரை பூட்டு என்கிற கட்டத்தில் எதை எழுதினாலும் பழைய பதிப்பு வாங்கிக்கொள்ளும். அதில் ‘நெறியாளர் ஓய்வு பெறும் வரை’ என்றிருந்தது. புதிய பதிப்புக்குத் தேதி வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்கே திறந்துவிடும்.

நூலகர் ஞானதீபன், அந்த ஆய்வேட்டை எழுதிய இன்பவல்லிக்குப் போன் செய்தார். அவள் இப்போது அதே நெறியாளரின் துறையில் கௌரவ விரிவுரையாளர்.

“ஐயோ, திறந்துடாதீங்க சார். நன்றியுரையில அவர் பண்ணினதை எல்லாம் அப்படியே எழுதிவச்சிருக்கேன். பார்த்தார்னா என் வேலை போயிடும்.”

“அவர்தானேம்மா கையெழுத்துப் போட்டிருக்கார்?”

“அவர் எதைப் படிச்சுட்டு சார் கையெழுத்துப் போட்டிருக்கார்?”

நூலகருக்கு அது நியாயமாகவே பட்டது. “சரி, ஒரு தேதி சொல்லும்மா.”

“அதுல இருக்கறதிலேயே கடைசித் தேதி எது சார்?”

அவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். “ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது, டிசம்பர் முப்பத்தொண்ணு. அதுக்கு மேல வாங்க மாட்டேங்குது.”



“அது போதுமா சார்? நேத்துதான் அவருக்கு நாலாவது தடவையா பதவி நீட்டிப்பு வந்திருக்கு,” என்றாள் இன்பவல்லி.

நூலகரின் விரல் ஒன்பதின் மேலேயே இருந்தது.