நல்ல காலின் தூரம்

பிசியோதெரபி அறையின் ரப்பர் தரையில் சாயங்கால வெயில் சாய்ந்து கிடக்கிறது. முழங்காலில் அறுவைத் தழும்போடு கால்பந்துக்காரி மூச்சு வாங்குகிறாள். ஒற்றைக் காலில் தாண்டும்போது அடிபட்ட இடது கால் வலது காலை எட்டிப் பிடித்தால்தான் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இறங்கலாம். இன்று ஒவ்வொரு காலும் தாண்டி விழுந்த இடங்களில் பிசியோ அக்கா ஒட்டிய டேப்புகள் இரண்டும் ஒரே கோட்டில் இருக்கின்றன. “பாத்தீங்களாக்கா, ரெண்டும் சமம்!” அக்கா குனிந்து, ஒரு முழம் முன்னால் அழுக்கேறிக் கிடக்கும் பழைய டேப்பை விரலால் தட்டுகிறாள். போன மாதம் வலது கால் தாண்டிய இடம் அது. “இந்த நல்ல காலுக்கு என்னம்மா ஆச்சு?” கால்பந்துக்காரியின் முகம் சுண்டிப்போகிறது. தண்ணீர் பாட்டிலைத் திருகி மூடுகிறாள்; மூடியதையே மறுபடியும் மூடுகிறாள். வலது கால் மெல்ல நகர்ந்து, தழும்புள்ள காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.