முடி உதிராத எலி

கூண்டிலிருந்த ஆறு எலிகளில் ஐந்துக்கு முதலில் மீசை போயிற்று, பிறகு முதுகு ரோமமும் போயிற்று. குளிரில் நடுங்கிக்கொண்டு இரண்டு பங்கு தின்றன. ஆறாவது எலி மட்டும் பளபளவென்று இருந்தது.

"முடி கொட்ட வைக்கிற புது மரபணு மாற்றம். நான் கண்டுபிடிச்சது" என்று நிருபர்களைக் கூட்டிச் சொல்லிவிட்டார் எங்கள் ஆய்வகத் தலைவர். ஆறாவது எலியை அடுத்த கூண்டுக்கு மாற்றச் சொன்னார். ஒரே வாரத்தில் அங்கேயும் அதைத் தவிர எல்லாம் மொட்டை.

"பக்கத்துல இருந்தா மரபணு ஒட்டிக்குமா சார்?" என்றேன்.

"சொன்ன வேலையைப் பாருப்பா."

கூண்டில் கேமரா வைத்தேன். பதிவை எல்லோரும் சேர்ந்துதான் பார்த்தோம். ஆறாவது எலி மற்றவற்றை ஒவ்வொன்றாக அமுக்கிப் பிடித்து, பல்லால் முடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. "இந்தப் பாடு படுத்துது, மத்ததெல்லாம் ஏன் சும்மா இருக்கு?"

"அதுதான் சார் அங்க பெருசு. மத்ததுங்க கூண்டை விட்டு எங்க போகும்?"

அடர்ந்த தலைமுடியைக் கோதியபடி யோசித்தார். "வீடியோவை அழிச்சிடு. இதை யாரும் பார்க்கல. புரியுதா?"

"சரிங்க சார்" என்று ஐந்து பேரும் தலையாட்டினோம்.

நாங்கள் வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்த படம் இன்னும் சுவரில் தொங்குகிறது. அதில் மட்டும் எங்கள் ஐவர் தலையிலும் முடி இருக்கிறது.